காலியாக விட்ட நான்கு கட்டங்கள்

இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தலை வைத்துக்கொள்வதா, பிரித்துவிடுவதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் அந்தச் சித்திரை மாதம் முழுவதும் நடந்தது. வழக்கு என்று சொல்வது மிகையில்லை. வாதியும் பிரதிவாதியும் ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டார்கள். ஆனால் வாதங்களை என் மூலமாகத்தான் பரிமாறிக்கொண்டார்கள். "உங்கம்மாகிட்டச் சொல்லு, கல்லும் கம்பியும் வெலைக்குக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயாச்சுன்னு" என்பார் அப்பா. அம்மா நாலடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். "கவாத்துக்கு ஆள் சொல்லியாச்சுன்னு உங்கொப்பங்கிட்டச் சொல்லு" என்று பதில் வரும். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. நடுவில் இருந்தால் போதும்.

எங்கள் தோட்டம் வெண்ணந்தூரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வட மாநிலங்களில் பல வருடங்கள் சுற்றியவர். முதுகில் வட்டு விலகி, அந்தத் தை மாதம் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். அவர் இல்லாத காலத்தில் அம்மா தனியாக ஆள் வைத்துக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சை வைத்துக் கொடியைப் பந்தலுக்கு ஏற்றியிருந்தார். அப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் விருந்தாளியைப் போல அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு குலை தின்றுவிட்டுப் போவார். இப்போது விருந்தாளிக்கு அபிப்பிராயங்கள் வந்துவிட்டன.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பந்தலின் கிழக்குப் பக்கம் முழுவதும், அதிலும் தென்கிழக்கு மூலையில் மிக மோசமாக, இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஒரே குலையில் கறுத்த பழமும் சிவந்த பழமும் பச்சைக் காயும் கலந்து தொங்கின. அத்தகைய குலையை வியாபாரி கையில் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. இது நோய், மேற்கேயும் பரவும் என்று அப்பா நம்பினார். பந்தல் என்பது பாதியை வைத்துக்கொண்டு பாதியை எடுக்கக்கூடிய பொருளும் அல்ல. ஓரத் தூணிலிருந்து எதிர் ஓரத் தூணுக்கு இழுத்துக் கட்டிய கம்பிகள்தாம் மொத்தத்தையும் தாங்குகின்றன; ஒரு பக்கம் அவிழ்த்தால் மறுபக்கம் தொய்ந்துவிடும். ஆகவே இருந்தால் முழுதாக இருக்க வேண்டும், போனால் முழுதாகப் போக வேண்டும். போனால் மரவள்ளி. அது எந்த மண்ணிலும் எதையாவது கொடுக்கும் என்பது அப்பாவின் கட்சி. வைகாசிக் கவாத்துக்கு முன் முடிவு தெரிந்தாக வேண்டும். கிளைகளை வெட்டிவிட்டுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு, கொடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது.

அம்மா அழைத்ததன் பேரில் தோட்டக்கலை அலுவலர் ஒருவர் ஸ்கூட்டியில் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். வெளுத்த இலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு மண்கட்டியை எடுத்து, பையிலிருந்த சிறு புட்டியைத் திறந்து அமிலம் ஒரு சொட்டு விட்டார். மண் சோடாவைப் போல் நுரைத்தது.

"நோயில்லீங்க. சுண்ணாம்பு. கீழ சுக்காங்கல் கெடக்கும். மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது" என்றார். "இத்தன வருசம் எப்படி உரம் வெச்சீங்க?"

"எல்லாக் கொடிக்கும் ஒரே மாதிரித்தானுங்க. புள்ளைங்களுக்குச் சோறு போடறாப்ல" என்றார் அம்மா.

"கைக்குழந்தைக்கும் சக்கரை நோயாளிக்கும் ஒரே சோறாங்க போடுவீங்க?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வழக்கமாகப் பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே பையில் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு தோட்டத்தின் எந்த இடத்துக்கும் பொருந்தாது என்று அலுவலர் விளக்கினார். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டடி ஆழம் தோண்டி, மண்ணைத் தனித்தனிப் பையில் கொடுத்தால், எங்கே என்ன இருக்கிறது என்று படமாகவே வரைந்துவிடலாம். பிறகு தண்ணீரும் உரமும் அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி. சுண்ணாம்பு இருந்தும் வேர் இறங்குகிற இடத்தில், அதைத் தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்றை வைத்துப் பார்க்கலாம். கல் மேலாகவே கிடந்தால் முயற்சி வீண்.

அவர் போனபின் அப்பா தூணில் சாய்ந்து நின்று, என்னைத் தாண்டி, நேராக அம்மாவிடம் பேசினார். "இருவத்திநாலு கட்டம் போடட்டும். எட்டு வரைக்கும் கெட்டிருந்தாப் பந்தல் இருக்கட்டும். ஒம்பதாவது கெட்டுதுன்னா அன்னிக்கே கல்லுக்காரனுக்கு போன் பண்ணீருவேன். சம்மதமா?"

"சம்மதமுங்க. படத்த அவ போடட்டும். எழுத்தும் நல்லாருக்கும். பொய்யும் வராது."

என்னைப் பற்றி அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை நான் அப்போது ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மேற்கே சாலையோரத்தில் தொடங்கிக் கிழக்கு நோக்கி, வரிசைக்கு நான்காக ஆறு வரிசை; ஒவ்வொரு வரிசையிலும் எண்கள் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். ஒன்றாம் எண் வடமேற்கு மூலை, இருபத்து நான்கு தென்கிழக்கு மூலை. கயிறு பிடித்து அளந்தேன். ஒவ்வொரு பைக்குள்ளும் போட இரண்டு சீட்டுகள் எழுதினேன், ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும் என்று. தமிழ் முதுகலை படிப்பவள் மண்வெட்டியோடு என்ன செய்கிறாய் என்று கல்லூரித் தோழி கைப்பேசியில் கேட்டாள். இதுவும் ஒரு பதிப்புப் பணிதான் என்று பதில் அனுப்பினேன்.

முதல் நாள் அம்மாவும், கூலிக்கு வந்த அக்கா ஒருவரும் தோண்டினார்கள். அப்பா முதுகுப்பட்டையோடு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

"ஏனக்கா, இந்தக் குழி தென்னம்புள்ளைக்கா, உங்க ஊட்டுக்காரரப் பொதைக்கறதுக்கா?" என்றார் கூலிக்கார அக்கா.

"ரெண்டடிதான் சாமி. அவரு ஒசரத்துக்கு மடக்கித்தான் வெக்கோணும்" என்றார் அம்மா.

"எண்ணூறு அடிக்குக் கீழ பாத்தவன் நானு. என்னைய ரெண்டடியில முடிக்கப் பாக்கறீங்களா?" என்றார் அப்பா. ஆனால் அவர் கண் குழியிலேயே இருந்தது. எண்ணூறு அடிக்குக் கீழே இருப்பதை அறிந்தவருக்கு, தன் சொந்த நிலத்தின் முதல் முழம் புதிதாக இருந்தது. மேற்கே செம்மண். நடு வரிசைகளில் கறுத்துப் பொலபொலவென்ற மண். ஏரி வற்றியிருந்த வருடத்தில் அம்மா டிராக்டர் டிராக்டராக வண்டல் அடித்துப் பரப்பிய இடம் அது. வெயில் ஏறுவதற்குள் பதினான்கு குழிகள் முடிந்தன. கடைசி இரண்டிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துணுக்குகள் தெரியத் தொடங்கியிருந்தன.

மறுநாள் எனக்குச் சேலத்தில் கல்லூரிக் கருத்தரங்கு. சுவடிகளின் பாட வேறுபாடுகளைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும்; தவிர்க்க முடியாது. "நீ போயிட்டு வா சாமி, பாக்கி பத்தும் நாங்க எடுத்துக்கறோம்" என்றார் அம்மா. அப்பா அன்று முதுகைக் காட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தார். மாலை நான் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது பத்துப் பைகளும் என் சீட்டுகளோடு வரிசையாகக் கட்டப்பட்டு இருந்தன. முடிச்சுகள்கூட ஒரே மாதிரி இருந்தன.

பரிசோதனை முடிவு வந்த அன்று வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செம்மண்ணுக்குப் பழுப்பு, வண்டலுக்குப் பச்சை, சுண்ணாம்புக்கு மஞ்சள். வடகிழக்கில் ஆறு கட்டங்கள் மஞ்சளாயின. ஆறு மட்டும். தென்கிழக்கு மூலையின் நான்கு கட்டங்களும், 19, 20, 23, 24, பச்சையாகவே வந்தன.

அப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். "அந்த மூலையிலதான எல வெளுத்துக் கெடக்குது? மண்ணு நல்லாருக்குதுங்குது இது?"

"அங்க தண்ணி தேங்குதுங்க. வேரு அழுகுது" என்றார் அம்மா.

"ஆறுதான?"

"ஆறுதானுங்க."

"சரி. சொன்னாச் சொன்னதுதான்" என்று எழுந்து போனார். அன்று அம்மா தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார்.

எண்களை நோட்டில் எடுத்து எழுதும்போதுதான் எனக்கு உறுத்தத் தொடங்கியது. பதினைந்தாம் கட்டத்தின் எண்களை எழுதிய கை, பத்தொன்பதுக்கு வந்தபோது தானாகவே முந்திக்கொண்டு ஓடியது. இருபதிலும் அவையே. இருபத்து மூன்று, இருபத்து நான்கிலும். சுண்ணாம்பு, உப்பு, சாம்பல் சத்து, எல்லாம் புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் வரை ஏறக்குறைய ஒன்று. வேறு எந்த இரண்டு கட்டங்களும், பக்கத்துப் பக்கத்தில் இருந்தவைகூட, அப்படி ஒத்துப்போகவில்லை. ஐந்து சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிறழ்ந்திருந்தால் அவை ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்று கருத்தரங்கில் நான்தான் மேடையேறி வாசித்திருந்தேன். அந்தக் கட்டுரையை நான் வாசித்துக்கொண்டிருந்த பகல்பொழுதில், அம்மா தன் வண்டல் மண்ணை ஐந்து பைகளில் நிரப்பியிருக்கிறார்.

அதன்பின் வந்த ஆறு நாட்கள் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நூலகத்தில் உட்காருவேன்; பக்கத்தைத் திருப்பாமலே எழுந்துவிடுவேன். சேலம் போகும் பேருந்தில் ஏறி, பாதி வழியிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பேருந்துக்குக் காத்திருப்பேன். வீட்டில் சீப்பைத் தேடி அறைக்குள் போனால், எதற்குப் போனேன் என்பது மறந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பேன். உண்மை தெரிந்தால் மஞ்சள் பத்தாகிவிடும். பத்து, எட்டைவிட அதிகம். அம்மா ஒற்றையாளாக நட்ட ஒவ்வொரு தூணும் லாரியில் ஏறிவிடும். சொல்லாவிட்டால், இந்தப் படத்தை நம்பி அந்த மூலையில் நல்ல மண்ணுக்குரிய உரம் போகும், புது நாற்று போகும், அடுத்த வருடம் அவையும் வெளுக்கும். படம் போட்டவள் நான். பொய் வராதவள்.

அம்மாவிடம் கேட்க மூன்று முறை போனேன். ஒரு முறை அவர் கம்பியில் பழைய பற்றுச்சுருள்களை அறுத்துக்கொண்டிருந்தார். "என்ன சாமி?" என்றார். "ஒன்னுமில்லீங்கம்மா" என்று திரும்பிவிட்டேன். மற்ற இரண்டு முறையும் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

ஏழாம் நாள் காலை அலுவலர் வந்து, படத்தைப் பார்த்து, எந்த இடத்துக்கு என்ன செய்வது என்று எழுதிக்கொடுப்பதாக இருந்தது. முந்தைய மாலை புதிய தாளில் மீண்டும் வரைந்தேன். இருபது கட்டங்களுக்கு வண்ணம் தீட்டினேன். நான்கை வெள்ளையாக விட்டு, ஒவ்வொன்றிலும் சிறிய எழுத்தில் "மண் எடுக்கப்படவில்லை" என்று எழுதினேன். அதை மேசைமேல் விரித்து நான்கு மூலைகளிலும் டம்ளரை வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தேன்.

அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். ஒரு டம்ளரை எடுத்தபோது தாளின் மூலை சுருண்டது. விரலால் அதை நீவிவிட்டுப் பார்த்தார்.

"இதென்ன, நாலு கட்டத்துக்கு வர்ணம் தீந்துபோச்சா?"

டம்ளர் போன மூலையை நான் கையால் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்கப்படவில்லைன்னா? பை குடுத்தமே?"

என்னால் சொல்ல முடிந்திருக்கும். சொற்கள் தயாராகவே இருந்தன, இலக்கணப் பிழையில்லாமல். ஆனால் நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாந்தானுங்க. அங்க நான் எடுக்கல."

"எடுக்கலைன்னா?"

"ஒரு சாணுல கடப்பாரை ணங்குன்னு நின்னுபோச்சுங்க. நாலு எடத்துலயும். பதினஞ்சுல எடுத்த மண்ணயே போட்டுக் கட்டீட்டேன்." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த மண்ணும் எம்மண்ணுதான். அங்கயும் வண்டல் அடிச்சிருப்பேன். தூணு நட்டுட்டதால டிராக்டர் திரும்ப எடமில்லாமப் போச்சு."

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "எத்தன அங்குலத்துல நின்னுச்சு?"

"சாணுன்னு சொன்னனுங்களே."

"சத்தம் எப்படி? பாறை மாதிரி கெட்டியாவா, பொக்கையாவா?"

"நான் என்ன ரிக்கு ஓட்டுனவளா, சத்தத்தப் பாக்க? கை கூசுச்சு, உட்டுட்டேன்."

"காத்தால பாக்கலாம்" என்றார் அப்பா. கைப்பேசியைக் கையில் எடுத்தார். கல்லுக்காரரை அழைக்கப் போகிறார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அவர் காலை ஆறு மணிக்கு அலாரம் வைத்தார்.

விடிந்ததும் மூன்று பேரும் போனோம். அப்பா லாரி பேட்டரிக்கு ஊற்றும் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஒரு பழைய மருந்துப் புட்டியில் கொண்டுவந்திருந்தார். அம்மா தோண்டினார். இருபதிலும் இருபத்து மூன்றிலும் இருபத்து நான்கிலும் ஒரு சாண் ஆழத்திலேயே வெள்ளைத் தளம் போட்டதுபோல் சுக்கான் கிடந்தது. ஒவ்வொரு முறையும் கடப்பாரை நிற்கும்போது அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது தட்டை. ஒடையாது" என்றார். பத்தொன்பதில் மட்டும், அம்மா முன்பு குத்திய இடத்துக்குச் சற்று வடக்கே, கல் தட்டவில்லை. இரண்டடி இறங்கியது, மண்ணும் நுரைக்கவில்லை.

"பாருங்க, இது நல்ல மண்ணு" என்றார் அம்மா.

"அஞ்சடி தெக்க வந்து குத்து."

அங்கே கல் தட்டியது. அம்மா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. "ஒம்போதாச்சுங்களா? ஒம்போதுன்னா போன் போடுங்க. எதுக்கு என்னயப் போட்டு வாங்கறீங்க?"

"கம்முனு இரு புள்ள. அந்தக் கொடி அடியில குத்து. இப்ப அதுக்கு மேக்கால."

ஒவ்வொரு கொடியாக நகர்ந்தோம். கல் தட்டிய இடத்தில் நான் ஒரு குச்சி நட்டேன். வெயில் ஏறியபோது குச்சிகள் வரிசையாக நின்றன. என் கட்டங்களின் கோடுகளைப் பொருட்படுத்தாமல், கிழக்கு ஓரத்தின் நடுவிலிருந்து தெற்கு ஓரம் வரை கோணலாக மூலையை வெட்டிச் சென்றன. கோட்டுக்கு வடக்கே பெரும்பாலும் சுண்ணாம்புதான், ஆனால் வேர் இறங்கும். தெற்கே கல்.

அலுவலர் வந்து குச்சிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கட்டத்த விட இது நல்லாருக்குங்க" என்றார்.

அப்பா தூண்களுக்கிடையே நடந்து, கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கோட்டின் ஓரமாகப் போய் நின்று, தரையில் குதிகாலால் ஆறு இடத்தில் குழித்தார். "இங்கெல்லாம் இழுவைக்கல் பொதச்சு, கம்பிய இதோட வெட்டிக் கட்டுனா மூலை போனாலும் மிச்சம் நிக்கும்" என்றார். பிறகு அம்மாவிடம், "மூலை போகும். அதுல பேச்சில்ல."

"போகட்டுமுங்க" என்றார் அம்மா.

மூலைத் தூண்களைப் பிடுங்கிய நாளில் அம்மா அங்கே வரவில்லை. என்னிடம் நான்கு நாட்கள் பேசவுமில்லை; சாப்பாட்டுத் தட்டை என் முன் வைக்கும் விதம் மட்டும் மாறவில்லை. ஐந்தாம் நாள் இருவரும் மோட்டார் அறையில் சொட்டுநீர்க் குழாய்க்குத் தனித்தனி வால்வு பொருத்திக்கொண்டிருந்தபோது, குழாயைத் திருகியபடியே சொன்னார்:

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்."

"கேக்கத்தான் வந்தனுங்கம்மா."

"வந்த. நின்ன. போயிட்ட. அப்பறம் நாலு கட்டத்தக் காலியா உட்டுட்டு, உங்கொப்பன் கண்ணுல படற மாதிரி விரிச்சு வெச்சுட்டு உக்காந்துக்கிட்ட. நீ ஒரு வார்த்த சொல்லல. நானே சொல்ல வேண்டியதாப் போச்சு." குழாய் இறுகியது. "நான் செஞ்சது தப்புதான். நீ செஞ்சதுக்குப் பேரு என்னன்னு நீதான் படிச்சவ, சொல்லு."

எனக்குப் பெயர் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன் என்று என்னால் எழுத முடியாது. உண்மைக்கு இடம் விட்டேன் என்று எழுதினால், அது என்னை நானே தடவிக்கொடுப்பது. பொய் வராது என்று அம்மா சொன்னது சரி. ஆனால் என் மௌனத்துக்கு இரண்டு கைகள் இருந்தன, அது ஒருவரைப் பிடித்துத் தள்ளியது.

கவாத்து வைகாசியில் நடந்தது. நான் புதிய படத்தோடு வரிசைகளுக்கிடையே நடந்து, எந்தக் கொடியை எவ்வளவு வெட்டுவது என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: வண்டலில் நீளமாக விடு, சுண்ணாம்பில் குட்டையாக வெட்டு. தெற்கே வந்தபோது அம்மா தனியாக ஒரு கொடியடியில் நின்று கத்தரியால் வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். அது கோட்டுக்கு அப்பால் இருந்தது. பிடுங்க வந்தவர்கள் அதைத் தற்செயலாக விட்டுவிட்டுப் போகவில்லை. யாரோ விடச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அதன் கிளையைக் கயிறு கட்டி, மிஞ்சிய பந்தலின் கடைசிக் கம்பிக்கு இழுத்து ஏற்றியிருந்தார்.

திரும்பிவிடலாம் என்று கால் சொன்னது. நான் நின்றேன்.

"அம்மா, அது கல்லு மேல இருக்குதுங்க."

"தெரியும்."

"ரெண்டு வருசம்கூடத் தாங்காதுங்கம்மா."

"தெரியுது சாமி. தாங்கற வரைக்கும் நிக்கட்டும்." இன்னொரு கிளையை வெட்டிக் கீழே போட்டார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அதுல போட்டியா இத?"

"இல்லீங்க."

"போடு. அப்பறம் எடுக்கப்படவில்லைன்னு எழுதாத."

பென்சிலை எடுத்து, வண்ணமில்லாத அந்த மூலையில் ஒரு புள்ளி வைத்தேன். அம்மா கழுத்தை நீட்டி, புள்ளி எங்கே விழுந்தது என்று பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் கெழக்க" என்றார். அழித்துவிட்டு அங்கே வைத்தேன்.